துருப்பிடிக்காத கேட்டும் முப்பது மீட்டர் வாட்சும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை துரு, உப்பு, தண்ணீர் பற்றியவை. தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை நாம் வாங்கும் சாமான்களில் முக்கால்வாசி, உப்புக் காற்றே படாத ஏதோ ஓர் ஊரை மனதில் வைத்துச் செய்தவை. அட்டைப்பெட்டியைப் பிரித்த பிறகுதான் அவை முதன்முதலாகக் கடலைப் பார்க்கின்றன.

கேள்வி: எட்டு மாதம் முன்பு மாடிப்படிக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடியும் வாசலுக்கு எஸ்.எஸ். கேட்டும் போட்டோம். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டுதா பாருங்க காக்கா (அண்ணா), அசல் எஸ்.எஸ்., ஆயுசுக்கும் துரு வராது" என்றார். இப்போது வெற்றிலை எச்சில் தெறித்த மாதிரி புள்ளி புள்ளியாய்ச் செம்பழுப்பு. போய்க் கேட்டால், "கடற்காற்றுக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்கிறார். (ஒரு வாசகர், கீழக்கரை)

பதில்: கடை கீழக்கரையில்தானே இருக்கிறது? அவர் கடை திறந்த பிறகா கடல் அங்கே வந்து சேர்ந்தது?

முதலில் அந்தக் காந்த வித்தை. எஸ்.எஸ்.ஸில் பல ரகம் உண்டு. விலை குறைந்த 202, நடுத்தரமான 304, கடலோரத்துக்கென்றே சொல்லப்படும் 316 ஆகிய மூன்றிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆகவே ஒட்டவில்லை என்பதை வைத்து ரகத்தைச் சொல்லவே முடியாது. உங்களுக்குக் கிடைத்தது 202 ஆக இருக்கலாம் என்பது என் சந்தேகம். புள்ளிகள் எட்டே மாதத்தில் வந்ததால் சொல்கிறேன்.

இரும்போடு குரோமியம் சேரும்போது மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகிறது. கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். எஸ்.எஸ்.ஸின் பெருமை முழுக்க அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. ஆனால் உப்பில் உள்ள குளோரைடு அதை அங்கங்கே ஊசி குத்தின மாதிரித் துளைத்துவிடும். 304இல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316இல் அதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் உண்டு. அந்தத் துளையைத் தடுப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சரக்குதான். 202இல் விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைப் போட்டு ஒப்பேற்றியிருப்பார்கள். மதுரையில் ஒரு ஹோட்டல் படிக்கட்டுக்கு அது தாங்கும். கீழக்கரை வாசலுக்குத் தாங்காது.

காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகக் கசியும். உப்பு ஜாடியில் பார்த்திருப்பீர்கள். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு அவ்வளவு ஈரம்கூட வேண்டாம். அதாவது உங்கள் கேட்டின் மேல் படிந்த உப்பு வெயில் நாளிலும் முழுக்கக் காய்வதில்லை. இன்னொன்றையும் பாருங்கள். மழை படுகிற மேல்பக்கத்தைவிட, மழை படாத அடிப்பக்கத்திலும் கூரைக்குக் கீழேயும்தான் புள்ளிகள் அதிகம் இருக்கும். மழை கழுவிவிடுகிறது. நாமோ கழுவுவதில்லை.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. கடலும் கடற்காற்றும் உலோகத்தை என்ன பாடு படுத்துகின்றன என்று ஆராய்வது அங்கே ஒரு முக்கிய வேலை. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பாற்றுவதே தீராத வேலையாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் போட்ட கம்பியே எஸ்.எஸ்., மேலே தனி ரக பெயின்ட். ரயில்வேயே இவ்வளவு யோசிக்கிற இடத்தில் நம்மிடம் ஒரு காந்தத்தைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? பில்லை எடுங்கள். அதில் 304 அல்லது 316 என்று எழுதியிருந்தால் நீங்கள் பலமான இடத்தில் இருக்கிறீர்கள். மாலிப்டினம் இருக்கிறதா என்று பார்க்கச் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் மருந்து விற்கிறார்கள். உலோகச் சோதனைக்கூடத்திலும் கொடுத்துப் பார்க்கலாம். எழுதியது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் நேராக மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள். பல கடைக்காரர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள்.

பில்லில் வெறும் "எஸ்.எஸ். கேட் 1" என்று மட்டும் இருந்தால் வழக்கு இழுக்கும். பில்லே இல்லை என்றால், அடுத்த முறை வாங்குங்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றித் துணியால் துடையுங்கள். இரும்புக் கம்பி நார் மட்டும் வேண்டவே வேண்டாம். அது விட்டுப்போகும் இரும்புத் துகளே முதலில் துருப்பிடிக்கும்.

கேள்வி: வீட்டுக்கு வந்த ஒரு தம்பி எங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பி வைத்த ஒரு கருவியை வைத்தார். இரண்டு நிமிடத்தில் சேறு மாதிரி ஆகிவிட்டது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. (உப்பை நீக்கும் மிஷின்) தண்ணீர் அப்படியே பளிங்கு. அன்றிலிருந்து என் மாமியார் குழாய்த் தண்ணீரைத் தொட மாட்டேன் என்கிறார். மிஷின் வாங்கியே ஆக வேண்டுமா? (ஒரு வாசகி, தேவிபட்டினம்)

பதில்: மாமியாரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள் அம்மா. அந்தச் சேறு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல, அந்தக் கம்பியில் இருந்து வந்தது. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து பழுப்பாகிறது. உப்புகள் இருக்கிற தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் பாயாது, கம்பியும் கரையாது. அந்தத் தம்பி மறுபடி வந்தால், அவருடைய பளிங்குத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். அவர் முகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதனால் நம் பக்கத்தில் ஆர்.ஓ. தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை யாரிடமாவது வாங்கி அளந்து பாருங்கள். இந்தியத் தரக் குறியீட்டின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை ஏற்கலாம். காவிரித் தண்ணீர் வருகிற வீட்டில் 500க்குள் காட்டினால் ஆர்.ஓ. வீண் செலவு, கொதிக்க வைத்துக் குடித்தால் போதும். போர்வெல் தண்ணீர்தான் கதி, 2000ஐத் தாண்டுகிறது என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். மிஷின் கழித்து விடும் தண்ணீரைக் கக்கூஸ் கழுவ வையுங்கள், செடிக்கு ஊற்றாதீர்கள்.

மீட்டர் கிருமியைக் காட்டாது என்பதும் நினைவிருக்கட்டும். இளநீரில் வைத்தால் அது ஆயிரங்களில் காட்டும். அதற்காக யாரும் இளநீரைக் கீழே ஊற்றுவதில்லை.

கேள்வி: கடல்பாசி எடுக்கப் போகிறவள் நான். மகன் ஒரு வாட்ச் வாங்கித் தந்தான், "30 மீட்டர்" என்று போட்டிருக்கிறது. நான் முங்குவது இரண்டு மூன்று பாகம்தான் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி). கட்டிக்கொண்டு இறங்கலாமா? (ஒரு சகோதரி, பாம்பன்)

பதில்: இறங்காதீர்கள். அந்த 30 மீட்டர் ஆழத்தைச் சொல்வது மாதிரி இருந்தாலும் ஆழம் அல்ல. அசையாத தண்ணீரில் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கிய வாட்ச் என்றுதான் அர்த்தம். கை கழுவ, மழையில் நனைய அது போதும். நீந்தத் துடுப்பு மாதிரி காலில் தட்டைக் கட்டிக்கொண்டு பாறைக்கு நடுவே கையை வீசுகிறவர்களுக்கு அல்ல. முங்குவதற்கு என்று தனியே குறிப்பிட்டு, குறைந்தது 100 மீட்டர் என்று போட்ட வாட்சாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலச வேண்டும்.

போனும் இதே கதைதான். ஐ.பி.67 என்ற தண்ணீர்த் தடுப்புக் குறி இருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம், அதுவும் உப்பில்லாத தண்ணீரில். என் போன் மண்டபம் ஜெட்டியில் முழங்கால் தண்ணீரில் விழுந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சர்வீஸ் சென்டரில் சிம் போடும் துளைக்குள் டார்ச் அடித்து, சிவப்பாக மாறியிருந்த ஒரு சின்ன ஸ்டிக்கரைக் காட்டினார்கள். தண்ணீர் போனதற்கு வாரன்டி இல்லையாம். வாங்கும்போது விளம்பரத்தில் அந்தப் போன் நீச்சல் குளத்தில் மிதந்தது.

கேள்வி: தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு வேன் ஓட்டுகிறேன். போன் திடீரென்று இலங்கைக்கு வரவேற்கிறது. ஜிபே வேலை செய்வதில்லை. (ஓர் ஓட்டுநர், ராமேஸ்வரம்)

பதில்: நடுவில் கட்டடமும் இல்லை, மலையும் இல்லை, வெறும் தண்ணீர். தலைமன்னார் பக்கத்து சிக்னல் தாராளமாக வந்துவிடும். செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுங்கள் தம்பி. ரோமிங்கையும் அணைத்துவிடுங்கள். 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் நம்மைவிட அரைமணி முந்தி ஓடியது. இப்போது இரண்டும் ஒரே நேரம், ஆகவே திரும்புகிற நேரத்தைப் போனில் பார்த்தே சொல்லலாம். பணத்தை மட்டும் ராமேஸ்வரத்தில் ஏற்றும்போதே வாங்கிவிடுங்கள்.