கேள்வி நேரம்: ஜப்பான் மோட்டாரும் கிள்ளான் துறைமுகமும்

கேள்வி: ஜப்பானில் வேலை செய்யும் என் தம்பி, அங்கே பழைய 400 சிசி மோட்டார் சைக்கிள் மலிவு என்கிறான். வாங்கி மலேசியாவுக்குக் கப்பலில் ஏற்றினால் மிச்சமாகுமா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: விலையை விடுங்கள், முதலில் ஏ.பி. எனப்படும் இறக்குமதி அனுமதி. அது கைக்கு வருமுன் மோட்டாரைக் கப்பலேற்றக் கூடாது. அனுமதியில்லாமல் வந்தால் சுங்கத்துறை பிடித்து வைக்கும். கிடங்கு வாடகை நாள்தோறும் ஏறும்.

அடுத்தது வரி. மோட்டார் விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த தொகைக்குத்தான் கணக்கு. வரிக்கு மேல் வரி விழும். அந்தத் தொகை 10,000 ரிங்கிட், இறக்குமதி வரி 30%, கலால் 30%, விற்பனை வரி 10% என்று வைத்தால் 13,000, பிறகு 16,900, கடைசியில் 18,590. விகிதம் சிசியையும் நாட்டையும் பொறுத்து மாறும். ரசீதில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். சுங்க அதிகாரி சந்தை விலையைத் தானே மதிப்பிடுவார்.

தம்பி அங்கே ஏற்றுமதிக்கான பதிவு நீக்கச் சான்றிதழை வாங்க வேண்டும். அதிலுள்ள சேசிஸ் எண்ணில் (வண்டிச் சட்டகத்தில் பொறித்த எண்) ஓர் எழுத்து பிசகினாலும் இங்கே ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு நின்றுவிடும். பெட்டியில் அடைக்கும்முன் பெட்ரோலை முழுக்க வடித்து, பேட்டரி ஒயரைக் கழற்றட்டும். கார்புரேட்டர் வண்டியானால் அதன் கிண்ணத்தையும் வடிக்க வேண்டும். அதில் தங்கும் பெட்ரோல் பிசினாகி, எண்ணெய் போகும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும்.

அரிய மாடலுக்கு இந்தப் பாடு தகும். தோட்டத்துக்குப் போய்வர என்றால், உள்ளூர்க் கடையில் காப்சாய் எனப்படும் சின்ன மோட்டார் வாங்குங்கள்.