30க்கு 20 அடி இடத்துக்கு வீட் மேட் எவ்வளவு, யு பின் எத்தனை வாங்க வேண்டும்?

வீட் மேட் என்பது களை முளைக்காமல் தடுக்க மண்ணின் மேல் விரிக்கும் விரிப்பு. யு பின் என்பது அதை மண்ணோடு பிடித்து வைக்க அடிக்கும் U வடிவக் கம்பி. 600 சதுர அடிதானே, 6 அடி அகல ரோலில் 100 அடி நீளம் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இன்னும் கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதலாக வேண்டும்.

இந்தக் கணக்கைப் பரப்பளவை வைத்துப் போடவே கூடாது. மேட்டைப் பட்டை பட்டையாகத்தான் விரிக்கிறோம். அதனால் எத்தனை பட்டை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று எண்ணுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் குறைந்தது அரை அடியாவது ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். இதில் சிக்கனம் பிடித்தால் களை முதலில் தலைகாட்டுவது அந்த இணைப்பில்தான். சரிவான நிலமென்றால் ஒரு அடியே விட்டுவிடுங்கள். அப்புறம், ஓரத்தை மடித்து மண்ணுக்குள் செருக நாலு பக்கமும் அரை அடி வேண்டும்.

ஆக, உங்களுக்கு மூட வேண்டியது 31க்கு 21 அடி. முதல் பட்டை 6 அடி அகலத்தை மூடும், அடுத்து வருவது ஒவ்வொன்றும் ஐந்தரை அடிதான் சேர்க்கும். 6, 11.5, 17, 22.5 என்று நாலு பட்டையில் 21 அடி அகலம் முடிந்துவிடும். நாலு பட்டை, ஒவ்வொன்றும் 31 அடி, மொத்தம் 124 அடி. குறுக்கு வாட்டில் போட்டால் 21 அடி நீளத்தில் ஆறு பட்டை, 126 அடி. இரண்டும் ஒன்றுதான் போலத் தெரியும்.

ஆனால் கடையில் 50 அடி ரோல்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீள வாட்டில் ஒரு ரோலுக்கு ஒரு பட்டைதான் வரும், மீதி 19 அடித் துண்டு. நாலு ரோல் வாங்க வேண்டும். குறுக்கு வாட்டிலோ ஒரே ரோலில் இரண்டு பட்டை வந்துவிடும், மூன்று ரோலில் வேலை முடியும். அதனால் ரோலின் நீளத்தைத் தெரிந்துகொள்ளாமல் திசையை முடிவு செய்யாதீர்கள். இடத்தின் நடுவில் மரம் இருந்தாலும் அதற்காக அளவைக் கழிக்க வேண்டாம், மேட்டை அங்கே வெட்டித்தானே விடப்போகிறோம்.

பின் கணக்குக்கு வருவோம். சுற்றளவு 100 அடி. இரண்டு அடிக்கு ஒன்று வீதம் 50. நீள வாட்டில் போட்டால் மூன்று இணைப்புகள். இரு முனைகளும் சுற்றளவுக் கணக்கில் வந்துவிட்டதால் இணைப்புக்கு 14 வீதம் 42. ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் நாலு அடிக்கு ஒன்று, அது 28. ஆக 120. வளைந்து வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 132. குறுக்கு வாட்டில் போட்டாலும் ஒன்றிரண்டுதான் வித்தியாசம் வரும். மேலே ஜல்லி கொட்டுவதாக இருந்தால் நடுவில் அடிப்பதைக் குறைக்கலாம், ஜல்லியின் எடையே பிடித்துக்கொள்ளும். ஓரத்திலும் இணைப்பிலும் மட்டும் குறைக்க வேண்டாம், காற்று புகுந்து தூக்குவது அங்கேதான். மரத்துக்காக வெட்டும் இடத்தில் சுற்றிலும் நாலு பின் கூடுதலாக வேண்டும்.

பின்னின் நீளம் மண்ணைப் பொறுத்தது. சாதாரண மண்ணுக்கு 6 அங்குலம் சரி. மணல் பாங்கான மண்ணில் அது நிற்காது, 8 அங்குலமோ அதற்கு மேலோ வாங்குங்கள். இறுகிய மண்ணில் நீளத்தைவிடக் கம்பியின் தடிமன்தான் முக்கியம். கேஜ் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 11 கேஜ் வளைந்தால் 9 கேஜுக்குப் போங்கள். முந்தின நாள் தண்ணீர் விட்டு வைத்தால் அடிப்பதும் சுலபம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கோரை இருக்கிற இடமென்றால் கிழங்கோடு தோண்டி எடுத்த பிறகுதான் விரிக்க வேண்டும், அதன் முளை மேட்டையே துளைத்து வந்துவிடும். இந்த 600 சதுர அடிக்குள் பூச்செடிப் பாத்தி இருந்தால் அதை மேட் போடாமல் விட்டுவிடுங்கள். அங்கே மேலே போடும் இலைதழை மட்கி மண்ணாகி, அதிலேயே களை வேர்விடும். பிறகு மேட்டைப் பிய்த்தெடுப்பது பெரிய பாடு. நடைபாதைக்கும் ஜல்லி போடும் இடத்துக்கும்தான் இது உண்மையிலேயே உதவும். பாத்தியை ஒதுக்கினால் மேட் குறையும், ஆனால் பாத்தியைச் சுற்றிப் புதிதாக ஓரம் உண்டாவதால் அதற்கும் இரண்டு அடிக்கு ஒரு பின் சேர்த்துக்கொள்ளுங்கள்.