டாக்டர்கிட்ட கேளுங்க: சி.டி.ல ஒண்ணும் இல்ல, அப்புறம் எதுக்கு ஊசி?

கேள்வி: எங்க மாமியாருக்கு 74 வயசு. போன மாசம் காலையில ரெண்டாங்கட்டுல மோர் மிளகாய் காயப்போட்டுக்கிட்டு இருந்தவங்க, வலது கை பிடிமானம் இல்லாம தட்ட கீழ விட்டுட்டாங்க, வாய் கோணிப்போச்சு, பேச்சு குழறுச்சு. ஒரு மணி நேரத்துல காரைக்குடிக்கு கொண்டுபோயிட்டோம். சி.டி. ஸ்கேன் எடுத்துட்டு "ரத்தக்கசிவு இல்ல"னு சொல்லி ஏதோ ஊசி போட்டாங்க, மறுநாள் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தாங்க. சிங்கப்பூர்ல இருக்க கொழுந்தனார் போன்ல, "மொதல்லயே எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கணும், சி.டி. தண்டச்செலவு"ங்கறாரு. சி.டி. ரிப்போர்ட்ல நார்மல்னுதான் போட்டிருக்கு, அப்போ எதுக்கு அந்த ஊசி?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்க கொழுந்தனார் சொல்றதுல பாதி சரி. எம்.ஆர்.ஐ. நுணுக்கமானதுதான், ஆனா அந்த முதல் ஒரு மணி நேரத்துல டாக்டருக்கு வேண்டியது நுணுக்கம் இல்ல, ஒரே ஒரு கேள்விக்கு பதில்: மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கா இல்லையா.

பக்கவாதம் ரெண்டு வழியில வரும், ரத்தக்குழாய் அடைச்சும் வரும், வெடிச்சும் வரும். கை விழுறது, வாய் கோணுறது, பேச்சு குழறுறது எல்லாம் ரெண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும், எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் வெளிய இருந்து பார்த்து இது அடைப்பா கசிவானு அடிச்சு சொல்ல முடியாது. அடைப்புன்னா ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதே ஊசிய கசிவு இருக்கவங்களுக்கு போட்டா உயிருக்கே ஆபத்து. அதான் ஸ்கேன் எடுக்காம யாரும் அந்த ஊசிய தொட மாட்டாங்க.

சி.டி. இந்த வேலையில கெட்டிக்காரன். புது ரத்தம் உறைஞ்சா அடர்த்தி கூடும், அதனால படத்துல மூளை சாம்பலா தெரியுற எடத்துல ரத்தம் பளிச்சுனு வெள்ளையா தெரியும். நம்பர்ல சொன்னா மூளை 30, 40 காட்டுற எடத்துல உறைஞ்ச ரத்தம் 60, 70 காட்டும். அந்த நம்பருக்கு ஹவுன்ஸ்ஃபீல்டுனு பேரு, சி.டி.ய கண்டுபிடிச்சவரு பேருதான், 1971ல லண்டன்ல முதல் நோயாளியோட தலைய படம் எடுத்தாங்க, 1979ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சுது. ஸ்கேன் எடுக்குறது அஞ்சு நிமிஷ வேலை, மூச்சு வாங்குறவங்க, வாந்தி எடுக்குறவங்க, சொன்னா புரியாம கைய கால உதறுறவங்க யாரா இருந்தாலும் எடுத்துடலாம். எம்.ஆர்.ஐ.ன்னா அரை மணி நேரம்கூட ஆகலாம், ஆடாம படுக்கணும், பேஸ்மேக்கர் இருக்கா, தலைக்குள்ள கிளிப் வச்சிருக்கானு விசாரிக்கணும், நம்ம ஆச்சிமாருக்கு தோடு, மூக்குத்தி கழட்டவே தனி நேரம் வேணும் (திருகாணி இறுகிப்போயி எண்ணெய் விட்டு கழட்டினத நானே பார்த்திருக்கேன்). நேரம் போகப்போக மூளை செத்துக்கிட்டே இருக்கும்.

இப்ப உங்க மெயின் கேள்விக்கு வர்றேன். "நார்மல்"னு போட்டா பக்கவாதம் இல்லனு அர்த்தம் இல்ல! அடைப்புனால வந்த பாதிப்பு ஆரம்ப மணி நேரங்கள்ல சி.டி.ல பெரும்பாலும் தெரியாது. கைகால் விழுந்திருக்கு, சர்க்கரையும் கொறையல (அது கொறைஞ்சாலும் பக்கவாதம் மாதிரியே தெரியும்), படத்துல வெள்ளையும் இல்ல, அப்போ அடைப்புதான்னு முடிவு பண்ணி ஊசி போட்டிருக்காங்க. அந்த நார்மல் ரிப்போர்ட்தான் ஊசிக்கு கிடைச்ச அனுமதி. மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்தது எந்த எடம், எவ்வளவு பாதிப்புனு பார்க்க, ஊசிக்கப்புறம் கசிவு ஏதும் வந்துருக்கானும் அதுலயே தெரிஞ்சிடும். என்னைக் கேட்டா ரெண்டுமே தண்டச்செலவு இல்ல.

கேள்வி: எங்க ஐயாவுக்கு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்ல "பழைய நுண்கசிவுகள்"னு போட்டிருக்கு. ஆறு மாசம் முன்னாடி எடுத்த சி.டி.ல இது இல்லவே இல்ல. எது தப்பு?
- பள்ளத்தூர் வாசகர்

பதில்: ரெண்டுமே தப்பு இல்ல. ரத்தக்கசிவு சி.டி.ல நாளாக நாளாக வெள்ளை மங்கி, சில வாரத்துல மூளையோட மூளையா கலந்துடும், நுண்கசிவுங்கறது அளவுல ரொம்ப சின்னது, அது சி.டி.க்கு சிக்கவே சிக்காது. ஆனா ரத்தத்துல இருக்க இரும்பு அங்கயேதான் கிடக்கும். ஆத்தங்குடி கல்லு மேல இரும்பு பெட்டிய வருஷக்கணக்கா வச்சு எடுத்தா, பெட்டி போயிரும், துருக்கறை போகாதுல்ல, அப்படித்தான். எம்.ஆர்.ஐ.ல கிரேடியன்ட் எக்கோ, எஸ்.டபிள்யூ.ஐ.னு படம் எடுக்குற சில முறை இருக்கு, அதுங்க இரும்புக்கு காந்தம் மாதிரி கூர்மையா இருக்கும், கறைய கருப்பு புள்ளியா, நிஜ அளவ விட பெருசாவே காட்டும். 2004ல அமெரிக்க மருத்துவ சங்கத்தோட பத்திரிகையில ஒரு ஆய்வு வந்துச்சு, பக்கவாதம் வந்து 6 மணி நேரத்துக்குள்ள 200 பேருக்கு ரெண்டு ஸ்கேனும் எடுத்து ஒப்பிட்டாங்க, புது கசிவ பிடிக்கிறதுல எம்.ஆர்.ஐ. சி.டி.க்கு சளைச்சது இல்ல, பழைய கசிவுல அது ரொம்ப தூரம் முன்னாடி.

ஐயா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாருன்னா, புள்ளிய பார்த்து பயந்து நீங்களா நிறுத்தாதீங்க. எத்தனை புள்ளி, எந்த எடத்துலனு பார்த்து நரம்பு டாக்டர்தான் சொல்லணும், இருதய டாக்டருக்கும் அந்த ரிப்போர்ட்ட காட்டுங்க. பி.பி.ய மட்டும் கட்டுல வைங்க, ஊறுகா, வத்தல் விஷயத்துல ஐயா கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

கேள்வி: வாய் கோணின உடனே ஒரு ஆஸ்பிரின் மாத்திரைய கரைச்சு குடுத்துடலாமா? நெஞ்சுவலிக்கு குடுக்குறாங்களே?
- காரைக்குடி வாசகி

பதில்: குடுக்காதீங்க. கசிவா இருந்தா அது இன்னும் கூடலாம், முழுங்க முடியாதவங்களுக்கு தண்ணிகூட புரையேறும். 108க்கு போன் பண்ணுங்க, கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்கனு காலண்டர் தாள கிழிச்சு எழுதுங்க, அவங்க சாப்பிடுற மாத்திரை அட்டையெல்லாம் ஒரு கவர்ல போட்டு கூட ஏத்தி விடுங்க.