கட்டும் முட்டும்: சரக்கு வேன் கேள்வி–பதில்

டைல்ஸ் பெட்டிகளைக் குட்டியானையின் நடுவில் அடுக்கி, மேலே நான்கு கயிறு போட்டு இறுக்கித்தான் அனுப்பினோம். டிரைவர் ஒரே ஒரு பிரேக் அடித்ததில் அடுக்கு மொத்தமும் முன்னால் நகர்ந்து பதினொரு பெட்டி நொறுங்கிவிட்டது. கயிறு அறுபடவே இல்லை. இது எப்படி?
(டைல்ஸ் வியாபாரி, தாராபுரம்)

மேலே குறுக்காகப் போடும் கயிறு சரக்கைக் கீழே அழுத்தும். முன்னால் போகாமல் நேரடியாகப் பிடிக்காது. அந்த அழுத்தத்தால் தரையில் கூடுகிற உராய்வு மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்கும் லாபம். அது எவ்வளவு என்று பார்த்தால் கயிற்றின் மேல் கோபம் வராது.

அவசர பிரேக்கில் சரக்கு தன் எடையில் 80 சதவீதம் அளவு விசையோடு முன்னால் தள்ளும் என்று வைத்துத்தான் ஐரோப்பியத் தரமுறையில் கணக்குப் போடுகிறார்கள். வளைவில் பக்கவாட்டுக்கு 50 சதவீதம். உங்கள் அடுக்கு 400 கிலோ என்றால் முன்னால் தள்ளுவது 320 கிலோ. பெயிண்ட் அடித்த வழவழப்பான தகட்டுத் தரையின் உராய்வு தாங்குவது ஏறக்குறைய நூறு கிலோ. கையால் இழுத்துக் கட்டிய ஒரு கயிற்றில் 40 கிலோ இழுவை நிற்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து 80 கிலோ அழுத்தம், அதில் உராய்வாக மாறுவது 20 கிலோ. நான்கு கயிற்றுக்கு 80. ஆக மொத்தம் 180 கிலோவை வைத்துக்கொண்டு 320 கிலோவோடு மல்லுக்கு நின்றிருக்கிறீர்கள்.

ஆகவே முதலில் முட்டு, பிறகு கட்டு. அடுக்கை கேபினுக்குப் பின்னால் உள்ள முன் தடுப்போடு ஒட்டி நிறுத்துங்கள். எடை ஒரே முனையில் சேரும் என்பதால் நடுவில்தான் வைக்க வேண்டியிருந்தால், தடுப்புக்கும் அடுக்குக்கும் இடையே மூன்றுக்கு மூன்று அங்குலச் சட்டம் இரண்டை நீளவாக்கில் கொடுத்து, அவற்றின் முனையில் பெட்டியின் முகம் முழுவதும் படும்படி ஒரு பிளைவுட் பலகை வையுங்கள். சட்டம் நேரடியாகப் பெட்டியில் குத்தினால் அந்த இடத்து டைல்ஸ்தான் முதலில் போகும்.

தரையில் ரப்பர் பாய் விரியுங்கள். உராய்வு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். 400 கிலோவுக்கு 240 கிலோ வரை பாயே பிடித்துக்கொள்ளும். செலவுக்கு இதைவிடப் பலன் தரும் பொருள் இந்தத் தொழிலில் இல்லை. ஆனால் தரையில் மணலோ சிமென்ட் தூளோ கிடந்தால் அது கோலிக்குண்டு மாதிரி உருளும், பாய் போட்டும் பயனில்லை. ஏற்றும் முன் விளக்குமாறு ஒருமுறை போகட்டும்.

டைல்ஸைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குங்கள். படுக்கையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மேல் பெட்டிகளின் எடை கீழ்ப்பெட்டியின் நடுவயிற்றில் இறங்கும். கயிறு அட்டைப்பெட்டி விளிம்பில் படும் இடங்களில் மரச்சக்கையோ எல் வடிவத் தகடோ கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்துக் கிலோமீட்டரில் அட்டை நசுங்கி, கயிறு தளர்ந்து, கட்டினதற்கு அடையாளம் மட்டும் மிஞ்சும். எப்படியும் முதல் பத்துக் கிலோமீட்டரில் ஓரங்கட்டி ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள்.

கயிற்றை விட்டு ராட்செட் பெல்ட்டுக்கு (பிடியை ஆட்டி இறுக்கும் நாடா) மாறலாமா?
(மரச்சாமான் கடை, நாகர்கோவில்)

மாறுங்கள். அலமாரி, மிஷின் மாதிரி கனமானவற்றுக்கு 50 மில்லிமீட்டர் அகலம் எடுங்கள், சில்லறைச் சாமான்களுக்கு 25 போதும். தாங்கும் அளவு அச்சிட்ட துணிச்சீட்டு பெல்ட்டில் தைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாததை வாங்காதீர்கள். பெல்ட்டில் முடிச்சுப் போடக் கூடாது, போட்டால் பலம் ஏறக்குறைய பாதியாகும். ஓரம் வெட்டுப்பட்டதைத் தைத்துப் பயன்படுத்துவதும் வேண்டாம்.

பெல்ட் செங்குத்தாக இறங்கினால் முழு அழுத்தம் கிடைக்கும். தரையிலிருந்து 30 டிகிரியில் சாய்ந்து போனால் பாதிதான். அதனால் உயரம் குறைந்த சரக்கின் மேல் பெல்ட் போட்டு என்னதான் திருகினாலும் பிடிமானம் வராது. அதற்கு முட்டுதான் வழி. ராட்செட் இருக்கும் பக்கம் இறுக்கம் அதிகம், எதிர்ப்பக்கம் குறைவு என்பதால் இரண்டு பெல்ட் போட்டால் ஒன்றின் ராட்செட் இடப்பக்கமும் மற்றதன் ராட்செட் வலப்பக்கமும் இருக்கட்டும். இன்னொன்று: வண்டியின் பக்கக் கதவில் உள்ள கொக்கிகள் தார்ப்பாய் கட்டுவதற்கானவை. டன் கணக்கில் தாங்கும் பெல்ட்டை அதில் மாட்டினால் கொக்கிதான் பிய்ந்து வரும். தரைச் சட்டத்தோடு சேர்த்து வளையம் வெல்டு செய்துகொள்ளுங்கள்.

பின்பாரம் அதிகமானால் ஸ்டியரிங் லேசாகிறதே, ஏன்?
(பழ வியாபாரி, ஒட்டன்சத்திரம்)

நெம்புகோல் தத்துவம்தான். டாடா ஏஸில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2,100 மில்லிமீட்டர். பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால், பின் அச்சில் 124 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 24 கிலோ கழியும். 300 கிலோ வைத்தால் முன்னால் 70 கிலோவுக்கு மேல் போய்விடும். ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் வலுவிழக்கும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கனமான பெட்டிகளைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு ஒட்டி வையுங்கள். வழியில் இறக்கிக்கொண்டே போகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும்: முன்னால் காலியாகிப் பின்னால் மட்டும் சரக்கு நிற்கும். அப்போது மிச்சத்தை முன்னுக்கு நகர்த்திவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ஆர்.சி.யைப் பாருங்கள். மொத்த எடையிலிருந்து வெற்று வண்டி எடையைக் கழித்தால் வருவதுதான் அளவு, டிரைவர் எடையும் அதற்குள் அடக்கம். 750 கிலோ வண்டிக்கு, டிரைவரையும் சேர்த்தால், 50 கிலோ சிமென்ட் மூட்டை பதினான்காவதிலேயே அளவு தாண்டிவிடும், வண்டியோ பாதி காலியாகத் தெரியும். ஏமாறாதீர்கள். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. வண்டிக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே 20,000. இருபதடி பிவிசி குழாயைக் கடையிலேயே வண்டி நீளத்துக்குள் அடங்கும்படி வெட்டி, கப்ளர் வாங்கிக்கொள்வது மலிவு.

வீடு மாற்றுகிறோம். ஃபிரிட்ஜைப் படுக்க வைக்கலாம் என்கிறார் லோடுமேன்.
(ஒரு வாசகி, திருச்சி)

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படுத்தால் கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்க்குள் ஏறும். வேறு வழியே இல்லாமல் படுத்து வந்திருந்தால் நிமிர்த்தி ஒரு நாள் விட்டுத்தான் பிளக் செருக வேண்டும். கண்ணாடித் தட்டுகளைக் கழற்றித் தனியே சுற்றுங்கள். ஃபிரன்ட் லோட் வாஷிங் மெஷினுக்கு வாங்கியபோது பின்னால் இருந்த போல்ட்டுகள் நினைவிருக்கிறதா? டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது, அதை அசையாமல் பிடிப்பவை அவை. தேடி எடுத்து மாட்டுங்கள். டி.வி. நின்றபடியே, இரண்டு மெத்தைகளுக்கு நடுவே.

கேஸ் சிலிண்டரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும்: வேறு ஊருக்கு என்றால் எடுத்துப் போகவே வேண்டாம். ஏஜென்சியில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கினால் புது ஊரில் இணைப்புக் கிடைக்கும். உள்ளூருக்குள் என்றால் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, நிற்க வைத்துக் கட்டுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் மூடிய வேனின் தரையிலேயே தேங்கும். அதனால் திறந்த வண்டியே மேல்.

டீ குடிக்க நிறுத்திய நேரத்தில் வேனைத் திறந்து இரண்டு பெட்டியை எடுத்துவிட்டார்கள். நல்ல பூட்டுதான் போட்டிருந்தோம்.
(மருந்து மொத்த வியாபாரி, மதுரை)

பூட்டு நன்றாக இருந்திருக்கும், அது மாட்டிய பட்டையைப் பாருங்கள். போல்ட்டின் நட்டு வெளியே தெரிந்தால் ஒரு ஸ்பானர் போதும், பூட்டைத் தொடவே தேவையில்லை. வெளிப்பக்கம் உருண்டைத் தலை போல்ட், நட்டு உள்ளே, அதற்கும் ஒரு பொட்டு வெல்டிங். நிறுத்தும்போது பின் கதவு சுவரோடு ஒட்டியிருக்கும்படி ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினால் பூட்டை உடைத்தாலும் கதவு திறக்காது. எண்ணிட்ட பிளாஸ்டிக் சீல் திருட்டைத் தடுக்காது. ஆனால் கிளம்பும்போது எண்ணைப் படமெடுத்து வாங்குபவருக்கு அனுப்பினால், வழியில் யாராவது கை வைத்தார்களா என்பது தெரிந்துவிடும். டெலிவரிக்கு இறங்கும்போது சாவியை வண்டியிலேயே விடும் பழக்கம் மட்டும் எந்தப் பூட்டாலும் சரியாகாது.

வண்டிக்கு முழு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. சரக்குக்கும் சேருமா?
(ஒரு வாசகர், சேலம்)

சேராது. வண்டி பாலிசி வண்டிக்குத்தான். சரக்குக்கு உள்நாட்டுப் போக்குவரத்து பாலிசி தனியாக எடுக்க வேண்டும். அதில் ஏ, பி, சி என்று வகை உண்டு. பி வகை தீ, மோதல், கவிழ்தல் போன்றவற்றோடு நின்றுவிடும். திருட்டும் வேண்டுமென்றால் ஏ. எந்த வகையிலும் பேக்கிங் சரியில்லை என்று தெரிந்தால் பணம் வராது. ஆகவே ஏற்றிக் கட்டி முடித்ததும் நான்கு பக்கமும் படமெடுத்து வையுங்கள்.

ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) எப்போது?
(ஜவுளிக்கடை, ஈரோடு)

தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டினால். மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால் புது வண்டியின் எண்ணைப் பில்லில் ஏற்றிய பிறகே நகர வேண்டும்.

மகனிடம் கார் லைசென்ஸ்தான் உண்டு, பேட்ஜ் இல்லை. வேன் ஓட்டலாமா?
(ஒரு வாசகர், விழுப்புரம்)

மொத்த எடை 7,500 கிலோவுக்குக் கீழே உள்ள சரக்கு வண்டிக்கு அதே லைசென்ஸ் போதும். 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்தது. பின்னால் சரக்கோடு ஆளை ஏற்ற மட்டும் விடாதீர்கள். அடிபட்டால் இழப்பீடு உங்கள் கையிலிருந்து போகலாம்.