மூன்று சர்வரா, முழு கிளவுடா? முதலில் டிஸ்க்கைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 120 பேர். ஏழு வருடப் பழைய சர்வர் இரண்டு இருக்கின்றன, அவற்றில் 11 விஎம் (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் கணினி) ஓடுகின்றன, எட்டு விண்டோஸ், மூன்று லினக்ஸ். இஆர்பி (கணக்கு, பில் எல்லாம் ஓடும் மென்பொருள்), ஃபைல் சர்வர், மெயில், இணையதளம் எல்லாம் அதில்தான். சிபியு 15 சதவீதத்தைத் தாண்டுவதே இல்லை, ஆனாலும் சாயங்காலம் இஆர்பி ஊர்கிறது. ஒரு விற்பனையாளர் தலா 64 கோர் (சிபியுவுக்குள் கணக்குப் போடும் அலகு) உள்ள சர்வர் மூன்று வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் எல்லாவற்றையும் கிளவுடுக்குத் தூக்கிவிடுங்கள் என்கிறார். ஸ்விட்ச் எல்லாம் சாதா ரகம், உள்ளே நுழைந்து பார்க்க வழியில்லை. யார் சொல்வதைக் கேட்பது? பழைய சர்வரை என்ன செய்வது?

பதில்: இரண்டு பேருமே நாடி பிடிக்காமல் மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சிபியு 15 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் இடத்தில் 192 கோர் எதற்கு? உங்கள் பிரச்சினை பெரும்பாலும் டிஸ்க்கில் இருக்கிறது. இஆர்பி ஊரும் அந்த நேரத்தில் விண்டோஸ் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரைத் திறந்து, ஒரு ரீடுக்கும் ஒரு ரைட்டுக்கும் டிஸ்க் எடுத்துக்கொள்ளும் சராசரி நேரத்தைப் பாருங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது, தொடர்ந்து 20, 25 என்று நின்றால் அங்கேதான் வரிசை கட்டி நிற்கிறது. பழைய சர்வர்களில் பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு முறைகளில், இடம் மிச்சம் என்று ரெய்டு 5 போட்டிருப்பார்கள். அதில் ஒரு சின்ன ரைட்டுக்குப் பழைய டேட்டாவைப் படித்து, பழைய பேரிட்டியை (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டாவை மீட்க உதவும் கணக்கு) படித்து, இரண்டையும் புதிதாக எழுதி, மொத்தம் நான்கு வேலை நடக்கிறது. டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் அப்படியே எழுதும் ரெய்டு 10ல் இரண்டோடு முடியும். சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் கணக்கு முடிக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ராமையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இடம் போதாமல் ராமில் இருப்பது டிஸ்க்குக்கு இடம் மாறினாலும் (ஸ்வாப்) இதே அறிகுறிதான்.

ஆக, புதிய சர்வரில் பணம் போக வேண்டிய இடம் கோர் அல்ல. ராமும் எஸ்எஸ்டியும்தான். அதுவும் பவர் போனாலும் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) இருப்பதை எழுதி முடிக்கும் பாதுகாப்புள்ள, சர்வருக்கென்றே செய்த எஸ்எஸ்டி. லேப்டாப்புக்கு விற்பதைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

கோர் அதிகமானால் வரும் இன்னொரு தொல்லையைக் கொட்டேஷனில் யாரும் எழுதமாட்டார்கள்: லைசன்ஸ். விண்டோஸ் சர்வருக்குக் கோர் கணக்கில்தான் பணம், ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். ஸ்டாண்டர்ட் பதிப்பில் அந்த சர்வரின் எல்லாக் கோருக்கும் ஒருமுறை லைசன்ஸ் எடுத்தால் இரண்டு விண்டோஸ் விஎம் ஓட்டலாம், அடுத்த இரண்டுக்கு மறுபடியும் எல்லாக் கோருக்கும் எடுக்க வேண்டும். உங்களிடம் விண்டோஸ் எட்டு. 64 கோர் சர்வரில் அது நான்கு மடங்கு, 256 கோர் லைசன்ஸ். அதே எட்டை 16 கோர் சர்வரில் ஓட்டினால் 64 போதும். ஒன்று விழுந்தால் எல்லாம் மற்றதில் எழுந்து நிற்க வேண்டும் என்றால் பொதுவாக ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாக இந்தக் கணக்கு உண்டு. எத்தனை விஎம் வேண்டுமானாலும் ஓட்டவிடும் டேட்டாசென்டர் பதிப்பு இருக்கிறது, ஆனால் ஒரு சர்வரில் விண்டோஸ் விஎம் ஏறக்குறைய ஒரு டஜனைத் தாண்டினால்தான் அது கட்டுப்படியாகும். விஎம்களை ஓட்டும் மென்பொருளான விஎம்வேர் கதையும் இதுதான். 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது, அடுத்த மாதமே நிரந்தர லைசன்ஸ் விற்பனையை நிறுத்திக் கோர் கணக்கில் சந்தாவாக்கியது, ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர். உங்கள் அளவுக்கு அதே வேலையைச் செய்யும் ஹைப்பர்-வி அல்லது ப்ராக்ஸ்மாக்ஸ் தாராளமாகப் போதும். உங்கள் ஆட்களுக்கு எது கைவந்ததோ அதை எடுங்கள்.

என் கணக்குப்படி உங்களுக்கு வேண்டியது ஒரே சிபியு சாக்கெட்டில் 16 கோர், கிளாக் வேகம் கூடுதலாக உள்ள சர்வர் இரண்டு. ஒவ்வொன்றும் தனியாக முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும், அதனால் சாதாரண நாளில் ராம் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கும்படி இரண்டே சர்வரை வைத்து கிளஸ்டர் போட்டால் நடுவில் கம்பி அறுந்ததும் இரண்டும் நான்தான் உயிரோடு இருக்கிறேன் என்று கிளம்பிவிடாமல் இருக்க மூன்றாவதாக ஒரு சாட்சி தேவை, அதற்கு ஒரு சின்னப் பெட்டியோ கிளவுடில் ஒரு மூலையோ போதும்.

கொட்டேஷனை வாங்கியதும் அதில் இல்லாத வரிகளைத் தேடுங்கள், விலை குறைவாகத் தெரிவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கும். இரண்டாவது பவர் சப்ளை இருக்கிறதா? ரேக் ரெயில்? ஸ்விட்ச்சோடு இணைக்கும் 10 ஜி (நொடிக்கு 10 ஜிகாபிட்) கேபிளும் மாட்யூலும்? டெல்லின் ஐடிராக், எச்பிஇயின் ஐஎல்ஓ போன்ற ரிமோட் மேனேஜ்மென்ட்டில் திரையை அப்படியே தூரத்திலிருந்து பார்க்கும் வசதிக்கு மேல்மட்ட லைசன்ஸ் கேட்கும், அது சேர்ந்திருக்கிறதா? ராமை எத்தனை துண்டாகத் தருகிறார்கள் என்றும் கேளுங்கள். ஏஎம்டியின் எபிக் 9004 சிபியு வரிசையில் 12 மெமரி சேனல் (ராமுக்கும் சிபியுவுக்கும் இடையிலான பாதை), இன்டெலின் நான்காம் தலைமுறை ஜியானில் 8. பெரிய துண்டாக இரண்டு மட்டும் செருகினால் மீதி சேனல் எல்லாம் காலியாகக் கிடக்கும், மெமரி வேகம் அந்த அளவுக்கு அடிவாங்கும். சப்போர்ட் ஐந்து வருடத்துக்கு எழுதி வாங்குங்கள், நான்கு மணி நேரத்தில் ஆள் வருவாரா அடுத்த வேலை நாளா என்பதையும் சேர்த்து.

ஸ்விட்ச் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றிருந்தால் சர்வரை விட்டுவிட்டு, உள்ளே நுழைந்து பார்க்கக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச்சை வாங்கச் சொல்வேன். சாதா ஸ்விட்ச்சில் யாரோ மேஜைக்கடியில் கேபிளின் இரண்டு முனையையும் சுவரில் இருக்கும் இரண்டு நெட்வொர்க் சாக்கெட்டில் செருகினால் போதும், டேட்டா சுற்றிக்கொண்டே இருக்கும் லூப் விழுந்து மொத்த ஆபீஸும் நிற்கும், எந்த போர்ட் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதுதான். மேனேஜ்டு ஸ்விட்ச்சில் லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயும் பிபிடியு கார்டும் போட்டுவைத்தால் அந்த போர்ட் மட்டும் தானாக மூடிக்கொள்ளும். ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்காக விலான் பிரித்து சர்வர், ஊழியர், கேமரா, விருந்தினர் வைஃபை என்று தனித்தனியாக வைக்கலாம். சர்வருக்குப் பக்கத்தில் 10 ஜி ஸ்விட்ச் இரண்டு, ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டுக்கும் ஒவ்வொரு கேபிள். இரண்டையும் ஸ்டாக் செய்தால் ஒரே ஸ்விட்ச் போலத் தெரியும், வசதிதான், ஆனால் பல மாடல்களில் ஃபர்ம்வேர் ஏற்றும்போது மொத்த ஸ்டாக்கும் ரீபூட் ஆகும். அதனால் சர்வர் பக்கம், இரண்டு ஸ்விட்ச்சும் தனித்தனியாக இயங்கியபடியே கேபிள்களை ஒரே இணைப்பாகக் காட்டும் எம்லேக் முறை எனக்குப் பிடிக்கும்.

போன், கேமரா, வைஃபைக்கு நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்ச் எடுக்கும்போது போர்ட் எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள். 48 போர்ட் இருக்கும், ஆனால் மொத்த பிஓஇ ஒதுக்கீடு 370 வாட்டாக இருக்கும். 30 வாட் கேட்கும் வைஃபை பெட்டி என்றால் 12 மாட்டியதும் அவ்வளவுதான்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஐடிராக், ஐஎல்ஓ, ஸ்விட்ச் மேனேஜ்மென்ட் எல்லாம் தனி விலானில், இணையத்திலிருந்து தொடவே முடியாதபடி இருக்கட்டும். முக்கிய நெட்வொர்க் படுத்தாலும் அங்கே நுழைய வேறொரு வழியும் இருக்கட்டும். 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியபோது, பழுதைச் சரிசெய்ய உள்ளே போகும் வழியும் அதே நெட்வொர்க்கோடு சேர்ந்து படுத்துவிட்டது.

சரி, கிளவுடு. முழுக்கப் போவதா வேண்டாமா என்று கேட்காமல் ஒவ்வொரு வேலையாக எடுத்துப் பாருங்கள். மெயிலை இன்றைக்கே அனுப்பிவிடலாம், 120 பேருக்குச் சொந்தமாக மெயில் சர்வர் வைத்துப் பராமரிப்பது வீண் வேலை. இணையதளமும் போகட்டும், சோதனைக்கென்று வைத்திருக்கும் விஎம்களும் போகட்டும். இஆர்பியில் மட்டும் ஒன்றைச் செய்யவே செய்யாதீர்கள்: டேட்டாபேஸை இங்கே வைத்துக்கொண்டு அப்ளிகேஷனை அங்கே அனுப்புவது, அல்லது தலைகீழாக. பழைய இஆர்பியில் ஒரு திரை திறக்க டேட்டாபேஸுக்கு 400 குவரி (கேள்வி) போவது சகஜம். பக்கத்து விஎம்முக்குப் போய்வர அரை மில்லிசெகண்ட் என்றால் மொத்தம் 0.2 நொடி, கிளவுடு வரை போய்வர 30 மில்லிசெகண்ட் என்றால் 12 நொடி. இணைய வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் இது தீராது, இது தூரத்தின் கணக்கு. போனால் இரண்டும் சேர்ந்து போகட்டும், இல்லையென்றால் இரண்டும் இங்கேயே இருக்கட்டும். உங்களுக்கு இப்போதைக்கு இங்கே.

இருக்கும் விஎம்மை அப்படியே தூக்கிக் கிளவுடில் வைத்து 24 மணி நேரமும் ஓடவிட்டால் பில் எகிறும். வாரத்தில் 168 மணி நேரம், உங்களுக்கு 60 மணி நேரம்தான் வேலை என்றால் மீதி நேரம் அணைத்துவைத்துக் கணினிக் கட்டணத்தை மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகக் கொண்டுவரலாம், டிஸ்க் வாடகை மட்டும் அணைத்தாலும் ஓடும். எப்போதும் ஓட வேண்டியதற்கு ஒரு வருடமோ மூன்று வருடமோ ஒப்பந்தம் போட்டால் குறையும், ஆனால் முதல் மூன்று மாதப் பில்லைப் பார்க்காமல் போடாதீர்கள். டேட்டாவை வெளியே எடுக்கவும் காசு. பட்ஜெட் எச்சரிக்கையை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

ஆபீஸையும் கிளவுடையும் இணைக்க விபிஎன் போடுவதற்கு முன் ஐபி முகவரிகளைப் பாருங்கள். உங்கள் ஆபீஸ் 192.168.1.0 என்றிருந்து கிளவுடிலும் அதையே வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது, பிறகு மாற்றுவது நரகம். விபிஎன் வந்தபின் பிங் போகிறது, ஆனால் பெரிய ஃபைல் மட்டும் தொங்குகிறது என்றால் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவு) மதிப்பை 1350க்குக் குறைத்துப் பாருங்கள், அநேகமாகச் சரியாகிவிடும்.

பேக்கப்பில்தான் கிளவுடு உங்களுக்கு உண்மையாக உதவும். 2021 மார்ச் 10ஆம் தேதி ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுடு நிறுவனத்தின் டேட்டாசென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்களில் சிலருக்கு எதுவுமே மிஞ்சவில்லை. ஆகவே ஒரு பிரதி இங்கே, இன்னொன்று வெளியே, குறிப்பிட்ட காலத்துக்கு யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டி. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு உங்கள் ஆக்டிவ் டைரக்டரியோடு (எல்லாருடைய லாகினையும் வைத்திருக்கும் விண்டோஸ் அமைப்பு) இணைந்திருக்கக் கூடாது, ரான்சம்வேர் வந்தால் அட்மின் உரிமையோடுதான் வரும். இங்கே ஒரு பிரதி ஏன் என்றால், 10 டெராபைட்டை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க ஒன்பது நாளுக்கு மேல் ஆகும்.

பழைய சர்வர்களில் நன்றாக இருப்பதை ரீஸ்டோர் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து இஆர்பியை அதில் எழுப்பி, கணக்குப் பிரிவில் ஒருவரை உட்காரவைத்து நேற்றைய பில் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் அணைத்துவிடுங்கள், மின்சாரம் மிச்சம். இன்னொன்று அதற்கு உதிரிபாகம். பழையதை எப்போதாவது விற்பதாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி முறையாக அழித்த பிறகு விற்கவும், வெறும் ஃபார்மட் போதாது.