கேமராவுக்குத் தெரியுது, நம்ம கண்ணுக்குத் தெரியல: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல நிறைய ஒரே பக்கமா இருந்துச்சு, படத்தோட சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத தகவல் எதாச்சும் கேமராக்குள்ள போகுதா, இல்ல கேமராவே ஃபைல்ல எதாச்சும் ஒளிச்சு வைக்குதான்னு. ரெண்டுமே நடக்குது. ஆனா வெளிச்சத்துல வர்ற தகவல் வேற, ஃபைல்ல ஏறுற தகவல் வேற, இத மட்டும் பிரிச்சுப் பாத்துட்டா மீதி தானா புரியும்.

டிவி ரிமோட்ட அழுத்திட்டு போன் கேமரால பாத்தா ஊதாவா மினுக்குது, நேர்ல பாத்தா ஒண்ணுமே தெரியல. அப்ப கேமரா அந்த சிக்னல படிக்குதா?

பாக்குது, ஆனா படிக்கல. நம்ம கண்ணு சுமாரா 400ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் அலைநீளம் இருக்குற வெளிச்சத்தத்தான் பாக்கும், கேமராவுல இருக்குற சிலிக்கான் சென்சார் கிட்டத்தட்ட 1100 வரைக்கும் உணரும், ரிமோட்டோட எல்இடி பெரும்பாலும் 940ல எரியுது. கலர் கெட்டுப்போகக்கூடாதுன்னு சென்சாருக்கு முன்னாடி, கண்ணுக்குத் தெரியாத இந்த இன்ஃப்ராரெட் (ஐஆர்) வெளிச்சத்த தடுக்குற ஒரு ஃபில்டர் போடுறாங்க, அதையும் தாண்டி கொஞ்சம் கசியுது பாருங்க, அதுதான் நீங்க பாக்குற ஊதா. பின் கேமரால தெரியலன்னா செல்ஃபி கேமரால பாருங்க, நிறைய போன்ல அதுல ஃபில்டர் கொஞ்சம் லேசாத்தான் இருக்கும்.

படிக்க முடியாததுக்கு காரணம் வேகம். ரிமோட்டு செகண்டுக்கு 38 ஆயிரம் தடவை மாதிரி மினுக்கி, அந்த மினுக்கல விட்டு விட்டு அனுப்பித்தான் தகவல சொல்லுது, நம்ம வீடியோ செகண்டுக்கு 30 இல்ல 60 ஃப்ரேம், ஒரு ஃப்ரேம் முடியுறதுக்குள்ள பல பிட் ஓடிப்போயிடும். ஆனா இங்கதான் எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் வருது. போன் சென்சார் மொத்த படத்தையும் ஒரே நேரத்துல எடுக்காது, மேல இருந்து கீழ வரி வரியா படிக்கும், ரோலிங் ஷட்டர்னு சொல்றது அதத்தான். அதனால வேகமா மினுக்குற ஒரு விளக்கு படம் முழுக்க விழுந்தா ஒரே ஃப்ரேம்ல வெளிச்சமும் இருட்டுமா கோடு கோடா விழும், அந்த கோட்டோட அகலத்த அளந்தா உள்ள இருக்குற டேட்டாவ எடுத்துடலாம், தனி ஹார்டுவேர் எதுவும் வேணாம். கேமராவ ரிசீவரா வச்சு நடக்குற இந்த தகவல் தொடர்ப 2018ல ஐஇஇஇ 802.15.7ங்கிற, வெளிச்சம் வழியா தகவல் அனுப்புறதுக்கான ஸ்டாண்டர்ட திருத்தும்போது உள்ள சேத்துட்டாங்க.

கச்சேரில ஐஆர் லைட் அடிச்சு எல்லார் போன் கேமராவையும் ஆஃப் பண்ற டெக்னாலஜி ஆப்பிள்கிட்ட இருக்காமே?

பேட்டன்ட் இருக்கு, 2016ல கிடைச்சுது. கேமரா வழியா ஐஆர் சிக்னல வாங்கி அதுல இருக்குற தகவல படிக்கிறது, இதுதான் அடிப்படை. மியூசியத்துல ஒரு பொருள் பக்கம் போன காட்டுனா அதப் பத்தின விவரம் ஸ்கிரீன்ல வர்ற மாதிரி ஒரு உதாரணம், ரெக்கார்டிங்க தடுக்குற மாதிரி இன்னொண்ணு, ரெண்டுமே அந்த ஒரே பேட்டன்ட்ல இருக்கு. பேட்டன்ட் வாங்குனா ப்ராடக்ட் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. என் கருத்த கேட்டா மியூசியம் பாதி அருமையான யோசனை, தடுக்குற பாதி வரவே கூடாது, ஏன்னா கச்சேரிக்குன்னு கொண்டு வர்ற லைட்ட நாளைக்கு ஒரு அநியாயம் நடக்குற இடத்துலயும் எவனாச்சும் மாட்டி வைக்கலாம்.

வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புனா நான் எடுத்த இடம் தெரிஞ்சிடுமா?

சாதாரணமா போட்டோவா அனுப்புனா லொகேஷன் போகாது, எக்ஸிஃப் தகவல, அதாவது எடுத்த இடம், நேரம், கேமரா மாடல்னு படத்தோட ஃபைல்ல கேமரா எழுதி வைக்கிறத, வாட்ஸ்அப் கழட்டிடும். டாக்குமென்டா அனுப்புனா அப்படியே முழுசா போகும், பாத்து அனுப்புங்க.

கலர் பிரின்ட்ல மஞ்ச புள்ளி இருக்குன்னாங்க, போன்ல எடுத்தா தெரியுமா?

பல கலர் லேசர் பிரின்டர்ல இது உண்டு. 2005ல டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடுற இஎஃப்எஃப் அமைப்பு ஜெராக்ஸ் டாக்யுகலர் பிரின்டரோட புள்ளிகள உடைச்சுப் படிச்சாங்க, 15க்கு 8 கட்டம், அதுல பிரின்ட் எடுத்த தேதி, நேரம், மெஷினோட சீரியல் நம்பர் எல்லாம் இருந்துச்சு. வெள்ளைத் தாள்ல வெளிர் மஞ்சள், அதுவும் பொடிப்பொடியா, தூரத்துல இருந்து போன்ல எடுத்தா சிக்காது. ரூம இருட்டாக்கிட்டு நீல எல்இடி வெளிச்சம் அடிங்க, மஞ்சள் மை நீலத்த உறிஞ்சிடும், புள்ளியெல்லாம் கறுப்பா தெரியும். இல்லன்னா 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி நீல சேனல மட்டும் பிரிச்சுப் பாருங்க.

புது கேமராவுல "இது நிஜப் படம்"னு முத்திரை வருதாமே, நம்பலாமா?

2023ல வந்த லைக்கா எம்11-பி தான் இத உள்ளயே வச்சு வந்த முதல் கேமரா. படம் எடுத்த உடனே கேமராக்குள்ள இருக்குற ரகசிய சாவியால டிஜிட்டல் கையெழுத்து போடும், அப்புறம் ஒரு பிக்சல மாத்துனாலும் கையெழுத்து ஒத்துப்போகாது. ஆனா இதோட பலம் முழுக்க அந்த சாவி வெளிய வராம இருக்குறதுலதான் இருக்கு. இதுக்கு முன்னாடி படம் நிஜமான்னு சரிபார்க்க கேனான் போட்ட பூட்ட 2010லயும் நிக்கான் போட்ட பூட்ட 2011லயும் எல்காம்சாஃப்ட்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனி ஆளுங்க உடைச்சே காட்டுனாங்க, போலிப் படத்துக்கு சரியான முத்திரை குத்திக் காட்டுனாங்க. இன்னொண்ணு, முத்திரை இல்லாத படம் பொய்ப்படம்னு முடிவு பண்ணிடாதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே அது போயிடும்.

எக்ஸிஃப் எல்லாத்தையும் அழிச்சுட்டேன். இனி இது என் கேமராவுல எடுத்ததுன்னு யாரும் கண்டுபிடிக்க முடியாதுல்ல?

முடியும். சென்சார்ல ஒவ்வொரு பிக்சலும் வெளிச்சத்துக்கு நூல் அளவு வித்தியாசமா வேலை செய்யும், தயாரிக்கும்போதே வந்த குறை அது, ஒரே மாடல் ரெண்டு கேமரா எடுத்தாலும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. கைரேகை மாதிரி நீங்க எடுக்குற எல்லா படத்துலயும் அது படிஞ்சிருக்கும். பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2006ல இத வச்சே எந்தப் படம் எந்த கேமராவுல எடுத்ததுன்னு சொல்ற முறைய எழுதிட்டாங்க. அதுக்கு அவங்க கையில உங்க கேமராவோ இல்ல அதுல எடுத்த வேற பல படங்களோ இருக்கணும், வெறும் ஒத்தப் படத்த வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. படத்த ரொம்ப சின்னதாக்குனா, பல தடவை கம்ப்ரஸ் பண்ணா அந்தத் தடம் மங்கும், இப்ப வர்ற போனுங்க பல ஃப்ரேம ஒட்டி ஒரே படமாக்குறதாலயும் வேலை கஷ்டமாகுது. நீங்க ஒரு தகவல் கொடுத்தவரோட அடையாளத்த காப்பாத்த வேண்டிய நிலைமைல இருந்தீங்கன்னா, உங்க பேர்ல பொதுவுல போடுற படத்துக்கு ஒரு கேமரா, இதுக்கு வேற கேமரான்னு தனியா வச்சுக்கோங்க, எக்ஸிஃப் அழிக்கிறத மட்டும் நம்பாதீங்க.