ஆமைத் தொட்டிக்குப் பினாயில் வேண்டாம்

கேள்வி: எங்கள் சிவப்புக் காது ஆமையின் தொட்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவலாமா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: கூடவே கூடாது, தங்கச்சி. பினாயில் போன்ற, பினோல் என்ற இரசாயனம் கலந்தவை ஊர்வனவற்றுக்கு நஞ்சு. ஆமையை வேறு வாளிக்கு மாற்றிவிட்டு, மூலைகளில் படிந்த வழுவழுப்பான பாசியும் எச்சமும் போகச் சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள். அழுக்கு மிஞ்சினால் எந்தக் கிருமிநாசினியும் சரியாக வேலை செய்யாது; பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பிறகு வாசனை சேர்க்காத பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து பூசி, 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். மணம் அடியோடு போகும்வரை அலசி, வெயிலில் காயவையுங்கள். நம் ஊர் வெயில் தாராளம். பிளீச்சுடன் வினாகிரி சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும், கவனம். சமையலறைத் தொட்டியில் கழுவவே வேண்டாம்: நலமான ஆமையிடமும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.